பத்தாயத்தின் வாய்

தாத்தா வீட்டுப் பத்தாயத்துக்கு மேலே ஒரு மூடி, கீழே ஒரு வாய். மேலே கொட்டுவது, கீழே எடுப்பது. வாய் என்பது ஒரு சாண் அகலத் துவாரம். அதை அடைத்திருக்கும் பலகையை உயர்த்தினால் நெல் தானாக வந்து மரக்காலில் விழும். சிறு வயதில் எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இதில் இருந்தது. பத்தாயம் நிறைந்திருக்கும் மாசியிலும், அடிப்பலகை தெரியத் தொடங்கும் மார்கழியிலும் நெல் ஒரே வேகத்தில்தான் விழுந்தது. தண்ணீர்த் தொட்டி அப்படியில்லை. நீர் குறையக் குறையக் குழாய் சோர்ந்துவிடும்.

பி.ஏ. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ஜான்சன்கள் இருவர். மூன்றாமவர் யான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் என்பது முப்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. தானியக் கிடங்கில் உயரம் ஏற ஏற அடியில் அழுத்தம் ஒரு எல்லைக்கு மேல் கூடுவதில்லை, பாரத்தைப் பக்கச் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன என்று அவர் 1895-ல் எழுதினார். விழும் வேகத்தைத் தீர்மானிப்பதும் வாயின் அகலம்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதல்ல. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. வட்டச் சுவர், கூம்பு முடி. 3,000 கலம் பிடிக்கும் என்கிறார்கள். கடன் பாக்கி விசாரிக்க அந்தப் பக்கம் போன ஒரு நாள் அதைச் சுற்றி நடந்தேன். சாக்கை விரித்துக்கொண்டு வெளியே நின்றவனுக்கு உள்ளே மூவாயிரமா முப்பதா என்று தெரிந்துகொள்ள வழியே இருந்திருக்காது என்று பட்டது.

எங்கள் பத்தாயத்தில் இரண்டு அறைகள். என் காலத்தில் விளைச்சலில் பெரும்பகுதி களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. அங்கே எல்லாம் ஈரப்பதம், சாக்கு, எடை. ஓர் அறையில் சாப்பாட்டு நெல்லும் கூலி நெல்லும் மட்டும். மற்றது காலி. சித்தப்பா ஆறு கறவை மாடு வைத்திருந்தார். அறுவடை முடிந்து அரவை மில்கள் ஓயாமல் ஓடிய சமயம், தவிடு மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு வண்டி வாங்கி அந்தக் காலி அறையில் கொட்டினார். நெல் மாதிரியே தவிடும் கீழே வந்து விழும், தினம் இரண்டு கூடை பிடித்துத் தொட்டியில் போட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

தவிடு நெல் அல்ல. எண்ணெய்ப் பசை உள்ளது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சில நாள் விழுந்தது. பிறகு பலகையைத் திறந்தால் இருட்டுதான் தெரிந்தது. கீழிருந்து கழியால் குத்தக் குத்த, வாய்க்கு மேலே ஒரு குகை உண்டாகி, அதன்மேல் மிச்சத் தவிடு கூரைபோல வளைந்து நின்றுவிட்டது. மேலே மூடியைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் சமதளம். லேசான சிக்கு வாடை வேறு. மாடுகள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன.

கோடை விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. இருப்பவர்களில் கனம் குறைந்தவன் நான் என்பதால் கையில் ஒரு மூங்கில் கொம்பைக் கொடுத்து மேலிருந்து இறக்கிவிட்டார்கள். இரண்டு குத்து குத்தியிருப்பேன். கூரை விட்டது. மார்புவரை போய்விட்டேன். மூச்சை வெளியே விட்டால் தவிடு இறுக்கிக்கொண்டது. மறுபடி இழுக்க இடம் தரவில்லை.

"வாயைத் தொறந்துவிடு, தவிடு எறங்கிடும்" என்று சித்தப்பா பலகையில் கை வைத்தார்.

"தொறக்காதீங்க! தொறந்தா புள்ளையை உள்ள இழுத்துரும்!"

கத்தியது மாட்டுக்காரக் கிழவர். தாத்தாவுக்கு மூத்தவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் குரல் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் கூடத்துக்குள் வந்ததும் அன்றுதான். நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விறுவிறுவென்று பத்தாயத்தின்மேல் ஏறி, ஒரு பலகையைக் குறுக்கே இறக்கி, "தம்பி, இதுமேல கையைப் போட்டுக்க, ஒதறாத" என்றார். என்னை இழுக்கவில்லை. முறத்தால் என்னைச் சுற்றித் தவிட்டை அள்ளி அள்ளி மேலே எறிந்துகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அன்று சாயங்காலம் தாத்தா அடுத்த அறையின் பலகையைத் தூக்கி, அவருக்கு ஒரு மரக்கால் நெல் அளந்தார். வாசலில் துண்டை ஏந்தி நின்றார் கிழவர். "லாபம்" என்று வாய்விட்டுச் சொன்னார் தாத்தா; ஒன்று என்று சொல்லும் வழக்கமில்லை. சொல்லிவிட்டுக் கோலை எடுத்துத் தலைதட்டினார். கூம்பி நின்ற நெல் பத்தாயத்தடியில் சிதறியது. அவர் கஞ்சர் அல்ல, வேண்டுமென்று செய்ததும் அல்ல. கை அப்படிப் பழகியிருந்தது. இதைத்தான் இன்றுவரை என்னால் ஒரு கதையாகக்கூட எழுத முடியவில்லை.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்த நெருப்பின் பின்னால் இருந்தது கூலி நெல். அரைப்படி கூடுதலாகக் கேட்டார்கள் என்று சொல்வார்கள். 1975-ல் வந்த 'குருதிப்புனல்' பண்ணையாரின் மனக்கோணலுக்குள் இறங்கிப் பார்த்தது. அதன் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோணலே இல்லாத, பூஜை செய்கிற, பேரன்மீது உயிரை வைத்திருக்கிற ஒரு மனிதரின் கையில் அந்தத் தலைதட்டும் கோல் இருப்பதற்கு நம் விமரிசனத்தில் பெயரில்லை. எனக்கும் தெரியவில்லை. கவுண்ட்டரில் தினமும் நோட்டு எண்ணித் தருகிறவன் நான். கை பழகுவதைப் பற்றி அதிகம் பேசக் கூடாது.

தாத்தா காலமான பின் பத்தாயத்தை மரக்கடைக்காரன் பிரித்துக்கொண்டு போனான். உள்ளிருந்த இரண்டு மரக்கால்களை நான் கேட்டு வாங்கிவந்தேன். ஒன்று குத்தகை நெல் வாங்குவது, மற்றது கூலி கொடுப்பது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாங்குகிற மரக்காலில் நெல்லை நிரப்பித் தலைதட்டி, கொடுக்கிற மரக்காலில் கொட்டினேன். நிறைந்து, விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. இரண்டு கைப்பிடி இருக்கும். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பெருக்கி எடுத்து, மொட்டைமாடியில் குருவிக்குப் போட்டாள்.