பறவையின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

தாம்பரத்தில் அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் ஏறி சாந்த்ராகாச்சியில் வந்து இறங்கும் நம்மவர்கள் நேரே பஸ்ஸோ டாக்சியோ பிடித்துக் கல்கத்தாவுக்குள் போய்விடுகிறார்கள். ஸ்டேஷனை ஒட்டினாற்போல் ஒரு பெரிய ஏரி இருப்பது பலருக்குத் தெரியாது. தென்கிழக்கு ரயில்வேக்குச் சொந்தமான ஏரி அது. ஊர்க்காரர்கள் ஜீல் என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் ஆயிரக்கணக்கான வாத்துகள் அங்கே வந்து தங்குகின்றன. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் வீடுகள், கடைகள், சாக்கடை. இத்தனைக்கும் நடுவில் அவை எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொரு குளிர்காலமும் எனக்கு வியப்புதான்.

குளிர்காலத்துக்கு முன்பு ஆகாயத்தாமரையை வாரி எடுப்பார்கள். முழுக்க எடுத்துவிடாமல் அங்கங்கே திட்டுத் திட்டாக விட்டுவைப்பார்கள். அந்தத் திட்டுகளின் மேல்தான் சீழ்க்கைச் சிரவிகள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கும். எங்கு பார்த்தாலும் செம்பழுப்பு முதுகுகள். இவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகிறவை. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் இந்தக் கூட்டத்தினுள் ஒன்றும் இரண்டுமாகக் கலந்திருக்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதில்தான் சாந்த்ராகாச்சியின் சுகமே இருக்கிறது. அதற்குக் கண்ணாடி வேண்டும். எந்தக் கண்ணாடி, அதை எதன்மேல் எப்படிப் பொருத்துவது என்ற கேள்வியைப் பலர் அலட்சியமாகக் கடந்துபோவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பைனாகுலர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதை. கடைக்காரரும் 12, 20 என்று அடுக்குவார். நான் 8x42 என்றுதான் சொல்வேன். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தே கால். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். வங்காளத்துக் குளிர்காலக் காலைகளில் பனியும் புகையும் சேர்ந்து வெளிச்சத்தைக் குடித்துவிடும்போது அந்த ஐந்து மில்லிமீட்டரின் அருமை தெரியும். கையில் பிடித்துப் பார்க்கும்போது எட்டு மடங்கில் நடுக்கம் அடங்கியிருக்கும். பன்னிரண்டில் பறவை ஆடிக்கொண்டே இருக்கும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையில் 15 மில்லிமீட்டராவது விலக்கம் கிடைக்காவிட்டால் காட்சியின் ஓரங்கள் அறுந்துபோகும். விலையை விட்டுவிட்டு முதலில் இதைக் கேளுங்கள்.

பைனாகுலரில் 150 மீட்டர் தூரத்தில் சுமார் 20 மீட்டர் அகலம் கண்ணில் விழும். கூட்டத்தை மேய்ந்துகொண்டே போகலாம். நிறம் கொஞ்சம் மாறிய ஒரு முதுகு, வித்தியாசமான ஓர் அலகு கண்ணில் பட்டதும் ஒற்றைக் குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு மாற வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இருபது மடங்கில் அதே தூரத்தில் ஐந்து மீட்டர் அகலம்தான் தெரியும். அறுபது மடங்குக்குத் திருகினால் மூன்று மீட்டர்கூட இல்லை. ஆயிரம் சிரவிகளுக்கு நடுவே ஒரு தட்டைவாயனை அதில் தேடுவது, சாவித் துவாரம் வழியாகக் கல்யாண மண்டபத்தில் ஒரு மாமாவைத் தேடுவது போலத்தான். போதாக்குறைக்கு, நல்ல ஸ்கோப்புகளில் பல 45 பாகை வளைந்த கண்முனை கொண்டவை. உயரமானவரும் குள்ளமானவரும் மாற்றி மாற்றிப் பார்க்க வசதி, கழுத்தும் வலிக்காது. ஆனால் பார்ப்பவர் குனிந்துகொண்டிருப்பார், பறவை எதிரே இருக்கும். குழலின் நேர்க்கோட்டில் கண்ணை வைத்துக் குறி பார்க்க வழியே கிடையாது.

இதற்கு ஒரு தீர்வு துப்பாக்கிக்காரர்களிடமிருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள் ஷாட்கன் மேல் ரெட் டாட் என்ற சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். அது எதையும் பெரிதாக்கிக் காட்டாது. வான்கோழிக்கென்று குழல்முனையை இறுக்கிய ஷாட்கன்னில் குண்டுமணிகள் கிட்டத்தில் விரியாமல் ஒரே கொத்தாகப் போகும். கன்னத்தைக் கட்டையில் சரியாக வைக்காமல் தலையைச் சற்றுத் தூக்கினாலும் குறி தவறிவிடும். ரெட் டாட்டில் கண் சிறிது விலகினாலும் புள்ளி இலக்கின் மேலேயே நிற்கும். இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டே பார்க்கலாம். பெருக்கத்தைவிட இலக்கைச் சட்டென்று பிடிப்பதுதான் முக்கியம் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். வேட்டையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

கருவியின் தத்துவம் எளிது. உள்ளே இருக்கும் சிறு சிவப்பு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிராகக் கண்ணுக்குத் திரும்புகிறது. அதனால் புள்ளி வெகுதூரத்தில் இருப்பதாகத் தோன்றும். லேசர் மாதிரி பறவையின் மேல் எந்த ஒளியையும் இது பாய்ச்சுவதில்லை. 1900இல் இந்த உத்திக்குக் காப்புரிமை வாங்கியவர் அயர்லாந்துக்காரரான ஹோவர்ட் கிரப். அவர் தொழிலே தொலைநோக்கி செய்வதுதான். புனேயில் இருந்த கிரப்பின் 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று 1912இல் நம் கொடைக்கானலுக்கு வந்தது. பேட்டரியில் எரியும் இன்றைய வடிவத்தை 1975இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கொண்டுவந்தது. நாற்பது வருடம் கழித்து, 2015இல், ஒலிம்பஸ் அதையே கேமராவின் ஹாட் ஷூவில் மாட்டும்படி ஈஈ-1 என்று பறவைப் படக்காரர்களையும் மனதில் வைத்து வெளியிட்டது. வானம் பார்க்கும் சிறு தொலைநோக்கிகளோடும் இப்போது இது சேர்ந்தே வருகிறது. தொலைநோக்கிப் பட்டறையில் பிறந்த யோசனை துப்பாக்கிக்குப் போய்விட்டுத் தொலைநோக்கிக்கே திரும்பியிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பொருத்துவதில்தான் பொறுமை வேண்டும். ஸ்கோப்பின் மேல் மாட்டத் தண்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழலைச் சுற்றி ஒரு பட்டைக் கவ்வி போட்டு, அடியில் மெல்லிய ரப்பர் துண்டு வைத்து இறுக்கலாம். திருகு அசையாமல் இருக்க வேண்டும், அதற்காகக் குழலை நெரித்துவிடவும் கூடாது. பிறகு எதிர்க்கரை மொட்டைமாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர் டாங்க்கின் மூடி விளிம்பை இருபது மடங்கில் காட்சியின் நடுவே கொண்டுவந்து டிரைபாட் தலையைப் பூட்டிவிடுகிறேன். ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து ரெட் டாட்டைப் பார்த்தால் புள்ளி வேறெங்கோ, பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் நிற்கும். மேல்கீழுக்கு ஒரு திருகு, இடவலத்துக்கு ஒரு திருகு. நாணய விளிம்பால் துளித்துளியாகத் திருப்பினால் புள்ளி நகர்ந்து நகர்ந்து டாங்க் மூடியில் வந்து உட்காரும். நாற்பது மடங்குக்குக் கூட்டி மறுபடி சரிபார்த்தால் முடிந்தது. புள்ளிக்கும் குழலின் மையத்துக்கும் ஐந்தாறு சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் அது பொருட்டே இல்லை. அதனால் கிட்டத்துச் சுவரில் குறி சரிசெய்யாமல் பறவை இருக்கும் தூரத்திலேயே செய்யுங்கள்.

புள்ளி சிறியதாக இருக்கட்டும். மூன்று எம்ஓஏ (கோண அளவு) புள்ளி நூறு மீட்டரில் ஒன்பது சென்டிமீட்டரை மறைக்கும். சீழ்க்கைச் சிரவியின் நீளம் நாற்பது சென்டிமீட்டர் அளவுதான். பிரகாசத்தைக் குறைத்தே வையுங்கள். பனிமூட்டத்தில் கூட்டிவைத்தால் புள்ளி வீங்கிப் பறவையையே விழுங்கிவிடும். சிலர் கண்ணுக்குப் புள்ளி நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியும். கருவியைக் குறை சொல்லுமுன் கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது, அஸ்டிக்மாட்டிசமாக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டிரைபாட். ஜீல் ஓரமாகச் சரக்கு ரயில் போகும்போது தரை அதிர்வதை நாற்பது மடங்கில் கண்ணால் பார்க்கலாம். வாத்துகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். ஒல்லிக்கால் டிரைபாட்டில் அந்த நடுக்கம் ரயில் போன பிறகும் அடங்காது. காலை அகட்டி வைத்து, நடுத்தண்டை உயர்த்தாமல், கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் பாதி நடுக்கம் போய்விடும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிக் கானல் ஆட ஆரம்பித்துவிட்டால் எந்த டிரைபாட்டும் உதவாது.

பறவையைத் தெரிந்துகொள்ள அதைச் சுட்டு வீழ்த்திய காலம் ஒன்று இருந்தது. ஏ.ஓ. ஹியூம் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த சேகரிப்பு, தோல்களும் முட்டைகளுமாக 80,000ஐத் தாண்டும். சாலிம் அலியும் சிறுவனாக ஏர்கன்னில் வீழ்த்திய ஒரு குருவியிலிருந்துதான் இந்தத் துறைக்கு வந்தார். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1798இல், வேடந்தாங்கல் கிராமத்தார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் எங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று எழுத்தில் வாங்கிவிட்டார்கள். நாடு தழுவிய விரிவான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல்தான் வந்தது. ஏரிக்கு அருகில் வாழ்கிறவர்கள் நினைத்தால் பறவைக்குப் பாதுகாப்பு உண்டு என்பதற்கு வேடந்தாங்கலைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

சாந்த்ராகாச்சியிலும் அந்த வழிதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்கோப்பை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து, “காக்கு, ஏக்டு தேக்போ?” என்று பார்க்கக் கேட்பான். அவனுக்கு ஸ்கோப்பைத் திருப்பத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. புள்ளியை வாத்தின் மேல் வைத்துவிட்டுக் குழல் வழியாகப் பார் என்றால் போதும். ஊசிவால் வாத்தின் சாக்லேட் நிறத் தலையையும், கழுத்தோரம் ஏறும் வெள்ளைக் கோட்டையும் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்த் தங்கையை இழுத்துக்கொண்டு வருவான்.

காசு குறைவாக இருந்தால் முதலில் 8x42 பைனாகுலர், அடுத்து கனமான டிரைபாட், அதற்குப் பிறகுதான் ஸ்கோப், கடைசியாக ரெட் டாட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜனவரியில் கல்கத்தா வருகிறவர்கள் ஒரு காலையை சாந்த்ராகாச்சிக்கு ஒதுக்குங்கள். படத்துக்காகக் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள், லேசர் விளக்கை எடுத்தே வராதீர்கள். உங்கள் கண்ணாடியைக் கரையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.