பேய் கடைசியில் வரட்டும்

காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். அவர் ஊரில் பிறந்த எனக்குப் பேயைச் செய்வது சிரமமாகத் தெரிந்ததில்லை. அது குடியிருக்கும் வீட்டைக் கட்டுவதில்தான் உயிர் போகிறது. ஃபர்ஸ்ட் பெர்சன் ஹாரர் கேம்களுக்குக் களம் அமைப்பது என் தொழில். இப்போது கையில் இருப்பது பாழடைந்த ஒரு ரியோகான். ஜப்பானின் பழைய பாணி மர விடுதி. ஆடுகிறவர் பேயைப் பார்ப்பது சில நிமிடம். மீதி நேரமெல்லாம் அவர் கண் சுவரிலும் கதவிலும்தான்.

கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் ஒட்டடையும் ரத்தக்கறையும் போட்டுவிடுகிறார்கள். அத்தனையையும் அழிக்கச் சொல்வேன். முதலில் ஆள் நடமாடும் விடுதியைக் கட்டுங்கள். கிரேபாக்ஸிலேயே, அதாவது வெறும் பெட்டிகளால் ஆன முதல் வடிவிலேயே, அளவு சரியாக நிற்க வேண்டும். ததாமிப் பாய் ஒன்று ஏறத்தாழ 182க்கு 91 சென்டிமீட்டர். அறையின் அளவே பாய்க்கணக்குதான். பழைய கட்டடங்களில் கதவின் மேல்நிலை 175 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். கேமராவை 160ல் வைத்து நடந்தால் தலை இடித்துவிடுமோ என்று குனியத் தோன்றும். இன்றைய ஏழடிக் கதவைப் போட்டால் அந்த நெருக்கம் போயிற்று. எஃப்ஓவியை, அதாவது கேமராவின் பார்வைக் கோணத்தை, 90 டிகிரிக்கு ஏற்றினாலும் போயிற்று. நான் 70ஐ ஒட்டியே வைக்கிறேன்.

அதன்பிறகுதான் பாழாக்கும் வேலை. அதைக் கற்றுக்கொடுத்தவர் கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத ஓர் ஆசாரி. பழைய வீடுகளில் அவர் கதவு பழுதுபார்க்கும்போது கூடவே நிற்பேன். உளியை எடுக்குமுன் விரலால் தடவுவார். கை பட்டுப்பட்டு வழவழத்த இடம், சாரல் அடித்து வெளுத்த அடிப்பலகை, கரையான் ஏறிய மூலை எல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். "தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு மொதல்ல பாரு தம்பி" என்பார். பரப்பின் மினுக்கத்தைக் குறிக்கும் என் ரஃப்னஸ் மேப்பில் இருப்பது அந்தப் பாடம்தான்: கை பட்ட இடம் மினுங்கும், தூசி படிந்த இடம் மங்கும். கறைக்கு டிகால், அதாவது பரப்பின்மேல் ஒட்டும் படம், வைக்குமுன் கூரையில் எந்த ஓடு உடைந்தது என்று முடிவு செய்துகொள்வேன். அங்கிருந்து நீர் இறங்கும் வழியில்தான் கறையும் பூஞ்சையும் உப்பிய பலகையும்.

டெக்ஸ்ச்சருக்கான படங்களை ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் எடுப்பேன், நிழல் விழாது. ஆனால் காரைக்கால் துருவை அப்படியே கொண்டுபோய் ஒட்டக் கூடாது. இங்கே உப்புக்காற்றில் கீல் செதில் செதிலாக உதிரும். 1990களில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி வெடித்தபின் விடுதிகள் பல மூடிப்போன கினுகாவா என்ற ஊர் இருப்பது கடற்கரையே இல்லாத தொச்சிகி மாகாணத்தில். அங்கே கட்டடத்தைத் தின்பது மழையும் பனியும். எந்த ஊர் ஈரம் என்று தெரியாமல் துருவைத் தொடாதீர்கள்.

பயத்தை எங்கே வைப்பது? சிறிய அறைகளில் நான்கு பாய்களின் மூலைகள் ஒரே புள்ளியில் கூடாமல் விரிப்பது ஜப்பானியரின் மங்கல வழக்கம். யுகாதா அங்கியில் உடுத்துபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு. எல்லா அறைகளிலும் முறைப்படி வைத்துவிட்டு, ஒரே அறையில் மட்டும் மாற்றுங்கள். விளக்கம் எழுதாதீர்கள். விவரம் அறிந்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார். அறியாதவரும் மற்ற அறைகளைப் பார்த்து வந்தவர்தான். எதுவோ சரியில்லை என்று அவருக்கும் படும்.

2014ல் வந்த 'பி.டி.' என்ற ஹாரர் கேம் ஒரே தாழ்வாரத்தைத் திரும்பத் திரும்ப நடக்கவிட்டே ஆடியவர்களை அலற வைத்தது. எனவே மூன்று மாடி விடுதி வேண்டாம். ஒரு தாழ்வாரம், இரண்டு அறை போதும். அங்கே யார் தங்கினார்கள், செருப்பை எங்கே கழற்றினார்கள், எந்த ஜன்னலைத் திறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேயைக் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம்.