மஃரிபுக்குப் பின்னும் வெளிச்சம்

கள்ளக்குறிச்சியில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் கூரையில் சென்ற ஆண்டு சூரிய மின்தகடுகளைப் பொருத்தினோம். இனி இருளில்லை என்று இறுமாந்தும் போனோம். மறுவாரமே, மஃரிபுக்குப் பின் பாடம் நடக்கையில் ஊர் மின்சாரம் நின்றது. நம் விளக்குகளும் அணைந்தன. செலவுக்கு அஞ்சி மின்கலம் வாங்காது விட்டிருந்தோம். "சூரியன் போனால் நம் கரண்டும் போய்விடுமா, ஹஸ்ரத்?" என்றான் ஒரு சிறுவன். மேற்கே கல்வராயன் மலைக்கப்பால் கதிரவன் மறைந்து சற்று நேரமே ஆகியிருந்தது.

நிழலை அளந்து லுஹரையும் அஸரையும் கணிக்கக் கற்பிக்கும் நாமே அந்தப் பாடத்தை மறந்திருந்தோம். லுஹரில் பெருகும் சூரிய மின்சாரம் அஸரில் தேய்ந்து மஃரிபில் ஓய்கிறது. வீடுகளின் தேவை ஏறுவதோ அப்போதுதான்.

நம் இளமையில் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. இன்றோ, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகளே. எனில் மின் தேவையும் தணியுமன்றோ? தணியாது. 2001 முதல் 2011 வரை தமிழக மக்கள்தொகை 6.24 கோடியிலிருந்து 7.21 கோடியாயிற்று; இது ஏறத்தாழ 16 விழுக்காட்டு உயர்வு. குடும்பங்களோ 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாகி, 30 விழுக்காடு பெருகின. ஓர் அத்தாவின் மூன்று பிள்ளைகள் தனித்தனியே வீடு கட்டினால் குளிர்பதனப் பெட்டியும் மூன்று, கூடத்து விளக்கும் மூன்று. தலைகளை எண்ணியவர்கள் வாசல்களை எண்ண மறந்தார்கள்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் விரிந்துள்ளது. அத்தகையவை இன்னும் வேண்டும்தான். ஆனால் எங்கும் வெற்றிடம் கிடப்பதாக எண்ணலாகாது. கல்வராயன் மலைச்சரிவுகள் மலையாளிப் பழங்குடியினர் உழுது உண்ணும் நிலம். மேலும், எத்தனை ஏக்கரில் தகடு விரித்தாலும் மஃரிபுக்குப் பின் அவை உறங்கவே செய்யும். ஆகவே நிலத்தைத் தேடுவதோடு, பகலை இரவுக்குச் சேமிக்கும் வழியையும் தேடியாக வேண்டும். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 1980-களிலேயே அமைந்த 400 மெகாவாட் நிலையம் அதற்கொரு வழி காட்டுகிறது. மின்சாரம் மிகும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள்.

அந்தப் பாடத்தைச் சிறிதளவு நாமும் கற்றோம். முன்பெல்லாம் ஒளூவுக்கான தண்ணீரை மாலையில் ஏற்றுவோம். இப்போது லுஹருக்கு முன்பே கூரைத் தொட்டி நிரம்பிவிடுகிறது. மின்கலத்துக்குச் சந்தா சேர்ந்துகொண்டிருக்கிறது. அந்தச் சிறுவனுக்கு முழு விடை சொல்ல இன்னும் சில மாதங்கள் ஆகும்.