மச்சானின் மீன் பெட்டி

கடலோர ஊர்க்காவல் படையில் என்னை எடுத்ததே நான் குப்பத்துக்காரன் என்பதற்காகத்தான். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, எந்தப் படகு யாருடையது, கரையில் யார் புது ஆள் என்று தெரிந்த மீனவப் பையன்கள் போலீசுக்குத் துணையாக வேண்டியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்ததை நான் சொல்லவில்லை.

எங்கள் குப்பம் மரக்காணத்துக்குப் பக்கம். ராத்திரியில் உப்பளத்து வரப்பு வழியாக, லைட்டை அணைத்துக்கொண்டு ஒரு டூவீலர் வரும். மீன் பெட்டியில் மேலே ஐஸ், அடியில் பாண்டிச்சேரி சாராயப் பாக்கெட். ஐஸ் கரைந்து ஒழுகும் தண்ணீரிலேயே அந்த நெடி அடிக்கும். ஓட்டுபவன் என் மனைவிக்குச் சித்தப்பா மகன். "ரவுண்ட்ஸா மாமா?" என்பான். "சீக்கிரம் போடா" என்பேன். ரோந்துப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடல் பக்கம் டார்ச் அடித்தபடி நடப்பேன்.

சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் தீவிரவாதி வேஷத்தில் வந்த போலீஸ்காரர்களைப் படகோடு மடக்கியிருக்கிறேன். 2020-ல் கொக்கிலமேட்டில் சீனத் தேயிலைப் பாக்கெட்டுகளில் மெத்தம்பெட்டமைன் அடைத்த டிரம் ஒதுங்கிய பிறகு, கரையில் கிடந்த கேனையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். வெளி ஆள் என்றால் எனக்குப் பயமே கிடையாது. மச்சானைக் காட்டிக்கொடுத்தால் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும், வீட்டில் சோறு இறங்காது. 1093 என்று கடலோரக் காவல் நம்பர் இருக்கிறது. பேர் சொல்லாமலாவது பேசியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

2023 மே மாதம் எங்கள் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம். அங்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது தொழிற்சாலையில் இருக்க வேண்டிய மெத்தனால். அது, நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டிருந்த கடல் வழியாக வரவில்லை. ரோட்டு வழியாக வந்தது. உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை.

அது மச்சான் விற்ற சரக்கு இல்லை. அவன் பாக்கெட்டில் விஷம் கலக்காமல் போனது வெறும் அதிர்ஷ்டம். ஊர் ஊராகப் போலீசார் சாராய வியாபாரிகளைத் தேடிப் பிடித்த அந்த வாரத்தில், அவன் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். என் மாமியார் வீட்டுப் பின்கட்டில் படுத்திருந்தான். அத்தனை சாவுக்குப் பிறகும் வாய் கூசாமல் சொன்ன பொய் அது. முன்னால் சும்மா இருந்ததைவிட அதுதான் என்னை அறுக்கிறது.

அவன் மறுபடியும் விற்கிறான். போன வாரம் என் பெயரோடு போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.