‘லிட்டர் வெயிட்’ கம்ப்யூட்டர்!

ஏலத்தை ஏலம் விடும் ஊர் போடிநாயக்கனூர். அந்தக் காலத்தில் இதற்குத் தொண்டைதான் மூலதனம். 2007-ல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு, ஏல ஹாலில் பரீட்சை ஹால் மாதிரி நிசப்தம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர். முன்னால் கொஞ்சம் சாம்பிள் காய். ஒரு கை காயை உருட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு கை விலையைத் தட்டிக்கொண்டிருக்கும். விலை சொல்வது மெஷினில் என்றாலும், காயைத் தொட்டுப் பார்க்காமல் ஒருத்தரும் பொத்தானை அமுக்குவதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி மலை. கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலைக்குப் போவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். (1989-ல் ஜெயலலிதா முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனது இந்தத் தொகுதியில்தான் என்பது கொசுறுத் தகவல்.)

இது என் மாமனார் ஊர். அவர் நாற்பது வருஷமாகக் ‘காய்’ வியாபாரம். போடியில் காய் என்றால் ஏலக்காய்தான். கத்தரிக்காய் வேண்டுமென்றால் முழுப்பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும்!

மச்சினனுக்கு இருபத்தைந்து வயசு. போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறான். தங்குவது அங்கேயே, ஒற்றை அறை குவார்ட்டர்ஸில். ஆறு மணிக்கு மேல் பனியும் இருட்டும்தான் துணை. ஸ்கூலில் கூடப் படித்த நாலு பேர் திருப்பூர், பெங்களூர் என்று சிதறிவிட்டார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு அந்த நாலு பேரும் ‘வாலரன்ட்’ என்ற விளையாட்டில் கூடுகிறார்கள். 2020-ல் வந்த விளையாட்டு, ஐந்து பேர் ஒரு அணி. இவனுடைய பழைய லேப்டாப் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டதால், ஐந்தாவது இடத்துக்கு முன்பின் தெரியாத எவனோ ஒருத்தன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

“அவன் இந்தில திட்டுறான் மாமா. இவனுகளும் சிரிக்கிறானுக” என்று போனில் சொன்னபோது மச்சினன் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

இரண்டு வருஷம் சேர்த்த பணம் எண்பதாயிரம் ரூபாய். அதில் பாகம் பாகமாக வாங்கி, சொந்தக் கையால் ஒரு ‘கேமிங்’ கம்ப்யூட்டர் பூட்டுவது என்று முடிவு. இணையத்தில் ஆர்டர் போட்டால் வாசலுக்கு வந்துவிடும்தான். மாமனார் குறுக்கே விழுந்தார். “தொட்டுப் பாக்காம எப்படிடா வாங்குவ? நானும் வாரேன்.”

போடி ரயிலுக்குத் தனிக்கதை உண்டு. 1928-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை. யுத்த காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய், ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதை வேலைக்காக நின்ற வண்டி, போடிக்குத் திரும்பி வர 2023 ஜூன் 15 ஆயிற்று. வந்ததும் வந்தது, நேரே சென்னை சென்ட்ரலுக்கே விட்டுவிட்டார்கள். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். ஏலக்காய் மலைக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தெருவுக்கும் இவ்வளவு நேர்வழி எந்த ஊருக்கு வாய்க்கும்?

2025 டிசம்பரில் மூன்று பேரும் போனோம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பார்க்காதவர்களுக்கு: மவுண்ட் ரோட்டை ஒட்டிய குறுகலான சந்துகள். ரேடியோ உதிரி பாகக் காலத்திலிருந்தே பேர் வாங்கிய இடம். தள்ளுவண்டி, பைக், ஆட்டோ, அட்டைப்பெட்டி சுமக்கும் பையன்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பார்கள். “என்ன சார் பாக்கறீங்க? சிசிடிவியா, லேப்டாப்பா?” என்று மறிப்பவரைத் தாண்டி இரண்டடி வைத்தால் அடுத்தவர். மாமனார் அசரவில்லை. போடி பஜார் புரோக்கர்களைப் பார்த்தவர்.

முதல் கடையில் ரேம் விலை கேட்டதும் மச்சினனுக்கு முகம் வெளுத்தது. ஆகஸ்டில் கேட்டு வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! உலகத்தில் மெமரி சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று: சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் கேட்ட விலை கொடுத்து அள்ள, மூன்றும் அந்தப்பக்கம் சாய்ந்துவிட்டன. மிச்சம் மீதிக்குத்தான் நம்மைப் போன்ற சில்லறை ஆசாமிகள் அடித்துக்கொள்கிறோம்.

அதிர்ச்சியடையாத ஒரே ஆள் மாமனார். “இது நம்ம 2019 மாதிரில்ல இருக்கு” என்றார் சாவகாசமாக. 2018 ஆகஸ்ட் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் ஏலச்செடி போயிற்று. அடுத்த வருஷம் மழையும் பொய்க்க, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் தொட்டது. இருப்பு வைத்திருந்தவன் கார் வாங்கினான். இன்னும் ஏறும் என்று கடன் வாங்கிப் பதுக்கியவன் 2021, 22-ல் கிலோ ஆயிரத்துக்குக் கீழே இறங்கியதைப் பார்த்தான். “ஏறுற சந்தையில தேவைக்கு மட்டும் வாங்கு. கிட்டங்கிய ரொப்பாத.”

பி.காம். படித்த எனக்கே இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தந்ததில்லை. அதன்படி 32 ஜி.பி. கனவைக் கைவிட்டு, எட்டும் எட்டுமாக ஒரு ஜோடி டி.டி.ஆர்.4, மொத்தம் 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியாக வாங்குவதைவிட ஜோடியாகப் போட்டால் வேகம். போர்டில் நாலு பள்ளம் இருக்கிற மாதிரி பார்த்து வாங்கினால், விலை இறங்கும்போது காலி இரண்டையும் நிரப்பிக்கொள்ளலாம்.

பிராசஸரில் நேரம் போகவில்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600. வயசானதுதான், ஆனாலும் உழைப்பாளி. அதற்கு பி550 போர்டு. கடைக்காரர் விலை குறைவு என்று பி450-ஐ நீட்டினார். இப்போதைய நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டுகள் பலவும் போர்டோடு பேச எட்டு வழித்தடத்தைத்தான் பயன்படுத்துகின்றன. பி450-ல் அந்தத் தடம் பழைய, மெதுவான ரகம். ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்து, கார்டின் காலைக் கட்டிப்போடுவானேன்?

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. பாதிப் பணத்தை விழுங்கும் ராட்சதன் இதுதான். மச்சினன் மனசில் இருந்தது ஆர்.டி.எக்ஸ். 5070. உண்மையைச் சொன்னால் வாலரன்ட்டுக்கு அதில் கால்வாசி போதும். சில விளையாட்டுகளுக்கு அதுகூட வேண்டாம். 2023-ல் வந்த ‘வெண்பா’வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024-ல் லண்டனில் பாஃப்டா விருதே வாங்கியது. அதில் முதல் வேலை இட்லி அவிப்பது. இட்லித் தட்டைச் சரியாக அடுக்க எட்டு ஜி.பி. கார்டு எதற்கு?

ஆனால் மச்சினனுக்கு இட்லியோடு திருப்தியில்லை. இந்த நேரத்தில் ஒரு கடைக்காரர் மெல்லக் கூப்பிட்டு, உள்ளேயிருந்து பளபளவென்று ஒரு கார்டை எடுத்து வைத்தார். பெரிய மாடல், பாதி விலை. “ரெண்டு மாசம்தான் சார் யூஸ் பண்ணினது. பில்லு மட்டும் கேக்காதீங்க.”

2020-லிருந்து 22 வரை இந்தக் கார்டுகளை வாங்கி ‘எத்திரியம்’ டிஜிட்டல் காசு தோண்டப் போட்டார்கள். ராப்பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் அந்த முறையையே கைவிட்டதும், உழைத்துத் தேய்ந்த கார்டுகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. தூசி தட்டித் துடைத்தால் எதுவும் புதுசுதான். அந்தக் கார்டு அப்படிப்பட்டதா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மாமனார் விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“சாயக்காய்” என்றார்.

வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்பது ஏலக்காய் வியாபாரத்தின் பழைய வியாதி. ஈரத்துணியில் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கார்டுக்கு ஈரத்துணி கிடையாது, பில்தான் உண்டு. சீரியல் நம்பர் போட்ட பில் இருந்தால் வாரண்டி. பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். முப்பதாயிரம் ரூபாய்ச் சாமான் ஆறாம் மாசம் மண்டையைப் போட்டால், அந்த மிச்சத்தை வைத்து என்ன செய்ய? புதுசாக, பில்லோடு, ஆர்.டி.எக்ஸ். 5060 வாங்கினோம். 5070-க்கும் இதற்கும் இடையே மிஞ்சிய பணத்துக்கு மாமனார் ஒரு வழி வைத்திருந்தார்.

காய்க்கு மூன்று லட்சணம் பார்ப்பார்கள்: பருமன், நிறம், எடை. சல்லடையில் சலித்து ஏழு மில்லி, எட்டு மில்லி என்று பருமன் பிரிப்பார்கள். நிறம் கண்ணுக்கே தெரியும். ஏமாற்றாதது எடை ஒன்றுதான். ஒரு லிட்டர் படியில் காயை ரொப்பி நிறுத்தால் எத்தனை கிராம்? அதுதான் ‘லிட்டர் வெயிட்’. பருமனும் பச்சையும் இருந்தும் லிட்டர் வெயிட் நிற்கவில்லையென்றால் உள்ளே அரிசி இல்லை, வெறும் தோல்.

பவர் சப்ளை வாங்கும்போது கடைக்காரர் இரண்டு டப்பாக்களை வைத்தார். இரண்டிலும் கொட்டை எழுத்தில் 550 வாட். ஒன்று பாதி விலை, கூடவே வண்ண விளக்கும் இலவசம். மாமனார் இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கிப் பார்த்தார். விளக்குக்காரன் தேங்காய் மூடி மாதிரி லேசு.

“இதுக்குள்ள அரிசி இல்லயேப்பா!”

கடைக்காரப் பையன் சிரித்துவிட்டான். “பெரியவர் சொல்றது கரெக்ட்தான் சார்.” மட்டமான சப்ளையில் காயில், கெப்பாசிட்டர், ஹீட் சிங்க் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிப்பார்கள். அதனால்தான் எடை குறைகிறது. எடையே சகலமும் என்று சொல்லவில்லை. ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை, ஐந்து வருஷ வாரண்டி இரண்டையும் பார்த்துத்தான் கனமானதை எடுத்தோம். அது புகைந்தால் தான்மட்டும் போகாது, போர்டு, கார்டு என்று உடன்கட்டை ஏற்றிக்கொண்டுதான் போகும். இவ்வளவு முக்கியமான ஆசாமியைப் பற்றி ஒருத்தனும் நண்பர்களிடம் பெருமையடிப்பதில்லை!

டப்பா, அதாவது கேபினட், முன்பக்கம் கண்ணாடி போட்டு மூடாமல் வலை வைத்ததாக ஒன்று. ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று. அந்த விஷயம் அவ்வளவுதான்.

யு.பி.எஸ்.ஸை மட்டும் போடிக்குத் திரும்பி வந்து வாங்கினோம். அந்தக் கனத்தை ரயிலில் யார் தூக்குவது? இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பெட்டிமேல் 600 வி.ஏ. என்று போட்டிருப்பார்கள். அது வாட் கிடையாது. பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டு 145 வாட், பிராசஸர் 65, மற்றவை, மானிட்டர் எல்லாம் சேர்த்துச் சுமார் 300. தாங்கும், ஆனால் மூச்சு முட்டும். 5070 ஆசையில் மிஞ்சிய பணம் இங்கே வந்தது. 1100 வி.ஏ. வாங்கினோம்.

மலையில் இது ஆடம்பரம் இல்லை. காற்றடித்தால் மரம் சாயும், மரம் சாய்ந்தால் லைன் போகும். கரண்ட் போவதைவிட அது திரும்பி வருகிற வேகம்தான் ஆபத்து. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் சாயங்கால இடி வேறு. மாமனார் முதலில் பார்த்தது குவார்ட்டர்ஸ் பிளக்கின் மூன்றாவது ஓட்டையைத்தான். எர்த் கம்பியே இல்லை! எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, குழி தோண்டி, புது எர்த் போட்டார்கள். இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதோடு, மோடத்திலிருந்து வரும் நெட் ஒயரையும் பிடுங்க வேண்டும். ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் செம்பு ஒயர் கடத்தும்.

பூட்டியது போடி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். பிராசஸர்மேல் பட்டாணி அளவு பசை வைத்தபோது, மாமியார் எட்டிப் பார்த்து, “இம்புட்டுப் போதுமா மாப்பிள்ளை?” என்றார் அக்கறையாக. ஓடவிட்டு அரைமணி நேரம் கழித்து கார்டின் சூடு 72 டிகிரி காட்டியது. மாமனார் பதறிப்போனார். காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு அவ்வளவு ஏறினால் சரக்கு மொத்தமும் பாழ். கார்டுக்கு அது சாதாரணம் என்று அவரை நம்ப வைப்பதற்குள் எங்களுக்கு வேர்த்துவிட்டது.

மலையேற்றும் முன் கார்டை மட்டும் கழற்றிவிட்டோம். கொண்டை ஊசி வளைவில் ஜீப் குலுங்கும் குலுங்கலில் கனமான கார்டு தொங்கி, போர்டின் பள்ளத்தை உடைத்துவிடும். துண்டில் சுற்றி, போடிமெட்டு வரை மடியிலேயே வைத்திருந்தான் மச்சினன். தொட்டிலுக்குக் கொண்டுபோகும் பிள்ளையைக்கூட இவ்வளவு பத்திரமாய் யாரும் பிடித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அந்த இந்திக்கார ஐந்தாவது ஆள் மரியாதையாக வழியனுப்பி வைக்கப்பட்டான். திருப்பூரும் பெங்களூரும் மலையும் ஒரே நேரத்தில் கத்தியதில், பக்கத்து குவார்ட்டர்ஸில் நாய் குரைத்தது. பத்தே காலுக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். ‘பீப்... பீப்...’ என்றது. ஆட்டம் நிற்கவில்லை.

இருட்டில் மாமனார் குரல் மட்டும் கேட்டது: “டேய், இது ஒரு மணி நேரம் ஓடுனா எத்தன யூனிட்டு?”

“மூணு மணி நேரம் ஆடினா ஒரு யூனிட்கூட வராது மாமா” என்றேன் நான்.

“அப்பச் சரி. ஆடச் சொல்லுங்க மாப்ள” என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.