முழங்கைக்கு ஓரிடம்

பெரிய விஷயங்களைப் பற்றி எழுத நம்மவரில் ஆட்பஞ்சம் கிடையாது. ஆகையால் இவ்வாரம் நாம் அரைச் சாண் அகலமே உள்ள ஒரு சிறு பொருளைப் பற்றி எழுத முன்வருகிறோம். மோட்டார் வண்டியின் முன் ஆசனங்கள் இரண்டுக்கும் நடுவில், முழங்கையை ஊன்றிக் கொள்வதற்காக வைத்திருக்கும் கைதாங்கிதான் அது. இதில் எழுத என்ன இருக்கிறதென்று கேட்கும் அன்பர்கள், கோத்தா திங்கியிலிருந்து சுங்கை பட்டாணி வரையில் ஒரு முறை வண்டி ஓட்டிவிட்டு வந்து கேட்பார்களாக.

நமது தமக்கையார் வாழ்க்கைப்பட்டிருப்பது சுங்கை பட்டாணியில். கூலாய் சென்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பிரயாணம். 1994ஆம் ஆண்டில் அச்சாலை முழுமை பெற்றது முதல், இது ஒரே பகலில் முடிகிற காரியமாயிற்று. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை நாமும் நமது தகப்பனாரும் போய் வருகிறோம். சாலையில் குறையில்லை, குறையெல்லாம் கைதாங்கியில்தான். அடியில் பலகை போன்ற மூடி, அதன்மேல் பேருக்கு ஒரு பஞ்சு, அதற்கும் மேல் பிளாஸ்டிக் தோல். ஆயர் குரோவைத் தாண்டுமுன்பே நமது இடக் கையின் சுண்டு விரல் மரத்துப் போகும். தாப்பாவில் இறங்கித் தேநீர்க் குவளையை எடுத்தால் மோதிர விரலும் ஒத்துழைக்க மறுக்கும்.

இதன் காரணம் யாதெனில், முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னே ஒரு நரம்பு ஓடுகிறது. அவ்விடத்தில் அதற்குத் தசையின் காவல் கிடையாது, தோல்தான் போர்வை. கதவு நிலையில் முழங்கை இடித்துக் கொண்டால் விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்குமே, அந்த நரம்புதான். சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. கையை மடக்கி, கெட்டியான இடத்தில் மணிக்கணக்காக ஊன்றினால் அது நசுங்கி முறையிடுகிறது.

நாம் ஆங்கிலத்தின் வழியாகப் படித்தவர்கள். எதையும் தடவிப் பார்ப்பதற்கு முன் படித்துப் பார்ப்பது நமது வழக்கம். படித்தோம், பிறகு தவறாகவே செய்தோம். முதலில் துண்டை மடித்துப் போட்டோம். வளைவு தோறும் அது வழுக்கிக் காலடியில் விழுந்தது. பிறகு கடைப் பஞ்சை, பெட்ரோலியத்திலிருந்து செய்யும் அந்த மஞ்சள் ஸ்பாஞ்சை, நான்கு விரற்கடை கனத்துக்கு வைத்துக் கட்டினோம். அதனால் தோள் காதுவரை ஏறிற்று. விரல் வலி போய்க் கழுத்து வலி வந்தது. அந்த ஸ்பாஞ்சும் வெயிலில் நின்ற வண்டிக்குள் சில மாதங்களிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது.

நிற்க. இவ்வளவு ஆராய்ச்சிக்கிடையில் ஒன்றை நாம் கவனிக்கவில்லை. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் ஓடுகின்றன. ஓட்டுகிறவர் வலப்புறம் உட்காருகிறார். ஆதலால் நடுவிலுள்ள கைதாங்கி நமது இடக் கைக்கும், பக்கத்தில் இருப்பவரின் வலக் கைக்கும் பொதுச் சொத்து. நமது தகப்பனாரின் வலக் கையோ, கித்தாத் தோட்டத்தில் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக் கொண்டு நாளொன்றுக்கு 500 மரம் வெட்டிய கை; தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை அறுத்த கை. மழைக்காலத்தில் அந்த முழங்கை அவரைத் தூங்க விடுவதில்லை. ஆனால் இத்தனை பிரயாணங்களில் ஒரு நாளாவது அவர் அதைக் கைதாங்கியில் வைத்ததில்லை. வலக் கையை இடக் கையால் ஏந்தி மடியில் வைத்துக் கொண்டே 700 கிலோமீட்டரும் வருவார். அவருக்கு அதுதான் சௌகரியம் போலும் என்று நாம் எண்ணியிருந்தோம்.

கேட்டபோது, "நீ ஓட்டுற பிள்ள. உனக்குத்தாம்பா அது வேணும். நமக்கென்ன, சும்மா உக்காந்துதானே வாறோம்" என்றார்.

இந்தப் பதில் வண்டியில் பிறந்ததல்ல. சம்பள நாளில் கிராணியாரின் ஜன்னலுக்கு வெளியே நின்று பழகியவர் அவர். கைவைத்த நாற்காலி உள்ளே இருந்தது. அதில் உட்காருகிறவர் வேறு ஜாதி மனிதர் என்பது அக்காலத்து எண்ணம். இன்று அதே மாதிரி நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளி நமக்கெதிரே முக்காலியில் உட்காருகிறார். முக்காலியை மாற்றியாயிற்றா என்று கேட்கும் வாசகர்களுக்கு: மானேஜருக்கு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

ஆகவே கைதாங்கியை இருவருக்குமாகச் செய்யத் தீர்மானித்தோம். ஜொகூர் பாருவில் ரப்பர்ப் பால் தலையணை ஒன்று வாங்கினோம். இது ஸ்பாஞ்சு போன்றதல்ல. 1929இல் இங்கிலாந்தில், டன்லப் கம்பெனியின் விஞ்ஞானி மர்ஃபி என்பவர், முட்டையை நுரைக்க அடிப்பது போலக் கித்தாப் பாலை அடித்து நுரையாக்கி, அதை உறைய வைத்துப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். நுரையின் காற்றறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் அமுக்கினால் அமுங்குகிறது, விட்டால் உடனே எழும்புகிறது, வியர்வையும் தேங்குவதில்லை.

தகப்பனார் அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். "பாலு" என்றார். ஆலைக்குப் போகும் பால் உறையாதிருக்க அமோனியா ஊற்றுவார்கள் என்றும், அந்த நெடி கண்ணைக் கரிக்கும் என்றும் சொன்னார். ஒட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் ஆயுள் முழுதும் சுமந்தவர், தாம் வெட்டிய பால் இப்படியும் ஆகுமென்று அன்றுதான் கண்டாராம்.

நாம் ரொட்டிக் கத்தியால் வெட்டிய கோணலைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கத்தியைப் பிடுங்கிக் கொண்டார். இரண்டு விரற்கடை கனம். முன்புறம் சற்றுச் சரிவு. பின்புறம், முழங்கை எலும்பு எதன்மேலும் படாதபடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிவு. முன்கையின் சதை பாரத்தைத் தாங்க வேண்டும்; முழங்கை வெறுமனே தொங்க வேண்டும் என்பதே நாம் படித்ததின் சாரம். சரிவை அவர் அளவுகோல் இல்லாமல் ஒரே இழுப்பில் வெட்டினார். மரத்தில் பட்டை சீவிய சாய்வு அது. அகலம் பழைய கைதாங்கியை விட இரு பக்கமும் ஒரு விரல் கூடுதல். அதற்கு மேல் போனால் கைபிரேக்கை இழுக்க இடைஞ்சல். வழுக்காதிருக்க அடியில் ஒரு ரப்பர்த் தாள், சுற்றி ஒட்டுப்பட்டை. உறை, அவருடைய பழைய கைலி.

போன தீபாவளிக்கு அதன்மேல் முதற் பிரயாணம். மாச்சாப் வரையில் அவர் கை மடியிலேயே இருந்தது. நாமும் ஒன்றும் சொல்லவில்லை. தாப்பாவில் சாப்பிட்டு ஏறிய பின் அவர் உறங்கிப் போனார். உறக்கத்தில் அந்த வலக் கை தானாகவே குழிவுக்குள் வந்து உட்கார்ந்தது. சிறிது நேரத்தில் நமது பங்கையும் சேர்த்துத் தள்ளிற்று. நாம் கையை எடுத்து ஸ்டியரிங்கின் மேல் வைத்துக் கொண்டோம். சுங்கை பட்டாணிக்கு இன்னும் 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தது.