நிதானமே பிரதானம்!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். மலை ரயிலுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம்!

"பஸ்ல போயிருந்தா இந்நேரம் சாப்பிட்டு ஏப்பமே விட்டிருக்கலாம் மாப்ளே" என்றான் நண்பன். "இவன் வேகத்துக்கு ஏத்த ரயில்தாம்ப்பா" என்றார் அப்பா. எனக்கு வயசு 29. ஆபீஸில் அதே நாற்காலி, வீட்டில் ஓயாத பெண் பார்க்கும் படலம். கூடப் படித்தவர்களெல்லாம் சொந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசமே நடத்தியாச்சு. அப்பாவுக்கு அந்தக் கவலை.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. மெதுவாகத்தான், ஆனால், வழுக்காது சார்! 1899-ல் குன்னூரைத் தொட்டு, 1908-ல் ஊட்டியை எட்டிப் பிடித்த ரயில் இது. இந்த நத்தைக்குத்தான் 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவம்!

இன்னொரு விசேஷம்... குன்னூர் வரை எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. எனக்கும் அப்படி ரெண்டு எஞ்சின் உண்டு. ஒன்று திட்டித் தள்ளும், இன்னொன்று கிண்டலடித்துத் தள்ளும். ரெண்டுமே என்னை நடுவழியில் கழற்றிவிட்டதில்லை. அப்புறம் என்ன, என் வேகத்திலேயே ஏறிக்கொள்கிறேன்!

குன்னூரில் அப்பா சூடாக வடை வாங்கித் தந்து, "மெதுவா சாப்பிடுறா" என்றார். அவர் வாயால் 'மெதுவா' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை!